ஏனென்றால் இல்லாத விடை

"ஏ.பி. கவர்ன்மென்ட்தானே? மனப்பாடம் பண்ணினா முடிஞ்சது." அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால், மார்ச், ஏப்ரல் வாக்கில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏ.பி. பாடங்களில், அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் பற்றிய பாடம் இது. கால்குலஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் டிசம்பரிலேயே டியூஷன் தொடங்கியிருக்கும். இதற்கு மட்டும் கடைசி இரண்டு வாரமும் ஒரு கட்டு ஃபிளாஷ் கார்டும் போதும் என்று ஒதுக்கிவைத்துவிடுவார்கள். இந்தப் பேச்சு முழுப் பொய்யாக இருந்தால் தொந்தரவு இல்லை. முக்கால் உண்மை என்பதுதான் உறுத்துகிறது.

பாடத்திட்டம் கட்டாயம் என்று சொல்வது 9 ஆவணங்களும் 14 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும்தான். பெயர், ஆண்டு, தீர்ப்பு மூன்றையும் ஒரே வாரத்தில் ஒப்பிக்கக்கூடிய பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். மே மாதம் தேர்வு எழுதிவிட்டு "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவார்கள். ஜூலையில் பார்த்தால் 5-க்கு 3 என்று இருக்கும். தெரிந்ததை எழுதினால் மார்க் உண்டு என்பது நமக்குப் பழகிய கணக்கு. இந்தத் தேர்வுக்கு அது பாதிக் கணக்குதான். தெரிந்த இரண்டு விஷயங்களுக்கு நடுவே ‘ஏனென்றால்’ என்று ஒரு சொல்லைப் போட்டு, அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் எழுதத் தெரிகிறதா என்றுதான் மீதிப் பாதி பார்க்கிறது.

ஒரு புள்ளியின் விலை

தேர்வு 3 மணி நேரம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 55, அவற்றுக்கு 80 நிமிடம். எழுத்துக் கேள்விகள் 4, அவற்றுக்கு 100 நிமிடம். இரண்டு பகுதிக்கும் ஆளுக்குப் பாதி மதிப்பு. இது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் ஒரு சின்னப் பெருக்கலை மட்டும் பெரும்பாலானோர் போட்டுப் பார்ப்பதில்லை.

நான்கு எழுத்துக் கேள்விகளுக்கும் சம மதிப்பு, ஒவ்வொன்றும் மொத்தத்தில் 12.5 சதவீதம். ஆனால் முதல் கேள்விக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 4, கடைசிக் கட்டுரைக்கு 6. அப்படியென்றால் முதல் கேள்வியில் ஒரு புள்ளி என்பது மொத்த மதிப்பெண்ணில் 4 சதவீதத்துக்கு மேல். கட்டுரையில் ஒரு புள்ளி 2 சதவீதம்தான். 55 கேள்விப் பகுதியில் ஒரு சரியான விடை ஒரு சதவீதம்கூட இல்லை. முதல் கேள்வியில் அவசரத்தில் விட்ட ஒரு வாக்கியத்தை ஈடுகட்ட அந்தப் பக்கம் நாலரைக் கேள்விகள் சரியாகப் போட வேண்டும். இது தெரியாமல் பிள்ளைகள் கட்டுரையை முதலில் எழுதி, 55 நிமிடம் அதிலேயே உட்கார்ந்துவிட்டு, மிச்ச மூன்றையும் 45 நிமிடத்தில் அள்ளித் தெளிப்பார்கள். கட்டுரைக்கு 40 நிமிடம், மற்றவற்றுக்குத் தலா 20 நிமிடம் என்பது தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே சொல்லும் பங்கீடு. வரிசை நம் இஷ்டம். 2025 முதல் முழுத் தேர்வும் புளூபுக் செயலியில்தான் நடக்கிறது. அந்த 100 நிமிடத்துக்குள் நான்கு கேள்விகளுக்கும் நடுவே முன்னும் பின்னும் போய்வரலாம். 1, 3, 2, 4 என்ற வரிசை நல்லது. அட்டவணை, வரைபடம் பார்க்கும் இரண்டாவது கேள்விக்கு மூளை அதிகம் வேண்டாம், கண்தான் வேண்டும்; சற்றுக் களைத்த பிறகும் அதை எழுதிவிடலாம்.

மூன்று வினைச்சொற்கள்

கேள்வித்தாளில் ஒவ்வொரு உட்பிரிவும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்கும். பெரும்பாலும் மூன்றுதான்: ஐடென்டிஃபை, டிஸ்கிரைப், எக்ஸ்பிளெய்ன். முதலாவது பெயர் சொல்லச் சொல்கிறது. இரண்டாவது அது எப்படியிருக்கும் என்று சொல்லச் சொல்கிறது. மூன்றாவது ஏன், எப்படி என்று காரணத்தைக் கேட்கிறது. மூன்றுக்கும் ஒரே நீளத்தில் விடை எழுதுபவர்கள் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்கள். பெயர் மட்டும் கேட்ட இடத்தில் ஒரு பத்தி எழுதி நேரத்தை விடுகிறார்கள். காரணம் கேட்ட இடத்தில் அதே பத்தியைக் காரணம் இல்லாமல் எழுதிப் புள்ளியை விடுகிறார்கள்.

முதல் கேள்வியின் சாயலில் ஒரு பயிற்சிக் கேள்வி: சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வாகனப் புகைக்குப் புது விதி கொண்டுவருகிறது; காங்கிரஸில் பெரும்பான்மையாக இருக்கும் கட்சிக்கு அது பிடிக்கவில்லை. முதல் உட்பிரிவு, காங்கிரஸ் எடுக்கக்கூடிய ஒரு நடவடிக்கையை விவரிக்கச் சொல்கிறது. ‘பவர் ஆஃப் த பர்ஸ்’ (பணத்தின் மீதான அதிகாரம்) என்று மட்டும் எழுதினால் அது பெயர், விவரிப்பு ஆகாது. ‘அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், இந்தப் புகை விதியை அமல்படுத்தப் பணம் செலவிடக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம்’ என்றால் புள்ளி நிச்சயம். அடுத்த உட்பிரிவு, அதிபர் வேறு கட்சியாக இருந்தால் இந்த நடவடிக்கைக்கு என்ன ஆகும் என்று விளக்கச் சொல்கிறது. ‘அதிபர் வீட்டோ செய்வார்’ என்பது பாதி விடை. ‘அந்த விதியை வெளியிட்டதே அவருடைய நிர்வாகம் என்பதால் அவர் வீட்டோ செய்யக்கூடும், அதை மீற இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், வெறும் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சிக்கு அது கிடைப்பது அரிது, ஆகவே விதி நிலைக்கும்’ என்று இழுத்து முடித்தால்தான் விளக்கம். இரண்டு விடையும் எழுதுகிறவருக்குத் தெரியும் விஷயம் ஒன்றேதான். முதல் விடையை எழுதியவர் பாதி வழியில் பேனாவை வைத்துவிட்டார்.

கதையில் கொடுத்த பெயர்களை விடையில் திரும்பப் பயன்படுத்துவதும் முக்கியம். எந்த முகமைக்கும் எந்தச் சட்டத்துக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக எழுதிய விடை, கேள்வியைப் படிக்காமலே எழுதியது போலத்தான் திருத்துபவருக்குத் தெரியும்.

மூன்றாவது கேள்வியின் நடுப்பகுதி

மனப்பாடக் கட்சி தோற்கும் இடம் மூன்றாவது கேள்வி. மாணவர் அநேகமாகக் கேள்விப்பட்டிராத ஒரு வழக்கை ஒரு பத்தியில் சுருக்கித் தருவார்கள். அதைப் பட்டியலில் உள்ள ஒரு வழக்கோடு ஒப்பிட வேண்டும். எந்த வழக்கோடு என்பதையும் கேள்வியே சொல்லிவிடும், நாம் தேட வேண்டியதில்லை. பார்க்க எவ்வளவு சுலபம்!

நியூயார்க் மாநிலத்தின் இரண்டு வழக்குகளை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் இருப்பது எங்கல் எதிர் விடாலே, 1962. மாநிலக் கல்வி ஆட்சிக் குழு 22 சொற்களில் ஒரு பிரார்த்தனையை எழுதி, அரசுப் பள்ளிகளில் காலையில் சொல்லப் பரிந்துரைத்தது. விருப்பமில்லாத பிள்ளைகள் சும்மா இருக்கலாம், வெளியே போகலாம். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிதாகக் கொடுக்கும் வழக்கு டவுன் ஆஃப் கிரீஸ் எதிர் காலவே, 2014 என்று வைத்துக்கொள்வோம். ராச்செஸ்டர் பக்கத்தில் உள்ள கிரீஸ் என்ற ஊரில், ஊராட்சிக் கூட்டம் உள்ளூர் மதகுருமாரின் பிரார்த்தனையோடு தொடங்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இரண்டு ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 5-க்கு 4 என்ற கணக்கில் செல்லும் என்று தீர்ப்பு.

முதல் உட்பிரிவு: இரண்டுக்கும் பொதுவான அரசமைப்பு ஷரத்து எது? ‘முதல் திருத்தம்’ என்று எழுதினால் போதாது. முதல் திருத்தத்துக்குள் மதம் பற்றியே இரண்டு ஷரத்துகள் இருக்கின்றன, பேச்சும் பத்திரிகையும் தனி. ‘மத சுதந்திரம்’ என்றாலும் எந்த ஷரத்து என்று தெளிவாகாது. விடை எஸ்டாப்ளிஷ்மென்ட் ஷரத்து, அதாவது அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிற பகுதி. இதற்கு ஒரு வரி போதும்.

இரண்டாவது உட்பிரிவுக்கு இரண்டு புள்ளி. இரண்டு வழக்குகளின் உண்மைகள் எப்படி வெவ்வேறு தீர்ப்புக்கு இட்டுச்சென்றன என்று விளக்க வேண்டும். நன்றாகப் படித்த மாணவரின் விடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘எங்கல் வழக்கில் அரசுப் பள்ளியில் பிரார்த்தனை நடத்துவது செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரீஸ் வழக்கில் ஊராட்சிக் கூட்டத்தில் பிரார்த்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே இரண்டு தீர்ப்பும் வேறுபடுகின்றன.’ இதில் ஒரு பிழை கூட இல்லை. கிடைப்பது ஒரு புள்ளி. பட்டியல் வழக்கின் விவரத்தைச் சரியாகச் சொன்னதற்கு அது. இன்னொரு புள்ளி, ‘எனவே’ என்று அவர் எழுதிய இடத்தில் இருந்திருக்க வேண்டிய காரணத்துக்கு. அவருடைய ‘எனவே’க்கு முன்னால் காரணம் எதுவும் இல்லை, இரண்டு தகவல்தான் இருக்கின்றன.

சரி, காரணம் என்ன? எங்கலில் பிரார்த்தனை வாசகத்தை உட்கார்ந்து எழுதியதே அரசு. மக்கள் சொல்ல வேண்டிய பிரார்த்தனையை இயற்றுவது அரசின் வேலையில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிமரம். கிரீஸில் ஊராட்சி வாசகம் எதையும் எழுதித்தரவில்லை. கேட்டவர்கள் வளர்ந்தவர்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். சட்டமன்றக் கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்குவது 1789-ல் முதல் காங்கிரஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. இந்த வித்தியாசங்களில் ஒன்றைப் பிடித்து, ‘ஆகவே அங்கே அரசு மதத்தை நிறுவுவதாக ஆனது, இங்கே ஆகவில்லை’ என்று முடிச்சுப் போட்டால் இரண்டாவது புள்ளி.

இங்கேதான் இன்னொரு வழுக்கல். காரணம் எழுத வேண்டும் என்று புரிந்துகொண்ட பிள்ளைகளிலும் பலர், ‘எங்கலில் மாணவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள், ஆகவே செல்லாது’ என்று எழுதிவிடுவார்கள். கட்டாயம் இல்லை என்பதுதான் அந்த வழக்கின் சுவாரசியமே. விரும்பியவர்கள் மட்டும் சொன்னால் போதும் என்று மாநிலம் வாதாடியது. அதனால் ஒன்றும் மாறிவிடாது, எஸ்டாப்ளிஷ்மென்ட் ஷரத்தை மீறியதாகச் சொல்லக் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று நீதிமன்றம் பதில் சொன்னது. ஃபிளாஷ் கார்டின் பின்பக்கத்தில் ‘பள்ளிப் பிரார்த்தனை கூடாது’ என்று மூன்று சொல் எழுதிவைத்துப் படித்தவருக்கு இது தெரிய வழியில்லை. மனம் தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது, அது தவறான காரணமாக அமைந்துவிடுகிறது.

மூன்றாவது உட்பிரிவு வழக்கை அரசியலோடு இணைக்கச் சொல்லும். உதாரணமாக, கிரீஸ் தீர்ப்பு பிடிக்காத குடிமக்கள் என்ன செய்யலாம்? ‘மேல்முறையீடு செய்யலாம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றத்துக்கு மேல் எங்கே போவது? அடுத்த உள்ளூர்த் தேர்தலில் பிரார்த்தனையை நிறுத்துவதாகச் சொல்லும் வேட்பாளருக்கு வாக்களித்து ஊராட்சியின் பழக்கத்தையே மாற்றலாம். செய்யலாம் என்றுதான் தீர்ப்பு சொன்னது, செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

கார்டில் நான்காவது வரி

ஆகவே கார்டு வேண்டாம் என்பதல்ல. கார்டில் நான்கு வரி வேண்டும்: என்ன நடந்தது, எந்த ஷரத்து, என்ன தீர்ப்பு, ஏன். 14 வழக்குக்கு 56 வரி. நான்காவது வரியை மட்டும் பாடப்புத்தகத்திலிருந்து நகலெடுக்காமல் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் அந்த வழக்கு இன்னும் தெரியவில்லை.

கார்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்காமல் ஷரத்து வரிசையில் அடுக்குவது நல்லது. 14-ல் 6 வழக்கு முதல் திருத்தத்தின் கீழ் வந்துவிடும்: எங்கல், யோடர், டிங்கர், ஷெங்க், நியூயார்க் டைம்ஸ், சிட்டிசன்ஸ் யுனைட்டட். ஈக்வல் புரொடெக்‌ஷன் (சட்டத்தின் சமப் பாதுகாப்பு) ஷரத்தின் கீழ் பிரவுன், பேக்கர், ஷா. உரிமைச் சாசனத்தை மாநிலங்கள் மீதும் பாயவைத்த வழக்குகள் கிடியன், மெக்டொனால்ட். மத்திய, மாநில அதிகாரத்துக்கு மெக்கலக், லோபஸ். சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் நீதிமன்ற அதிகாரத்தை நிலைநாட்டிய மார்பரி தனி. இப்படி அடுக்கியதும் சிக்கல் எங்கே என்று கண்ணில் படும். எங்கலும் யோடரும் மதம்தான். ஆனால் யோடர் ஃப்ரீ எக்ஸர்சைஸ் ஷரத்து, அதாவது தன் மதத்தைப் பின்பற்றும் சுதந்திரம்: எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த, ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெற்றோர் வழக்கு. ஒன்றில் அரசு மதத்துக்குள் நுழைகிறது, மற்றதில் அரசின் சட்டம் மதத்தின் குறுக்கே நிற்கிறது.

தனியாகக் கவனிக்க வேண்டியவை சில. பேக்கர் எதிர் கார் வழக்குக்கு ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்று மட்டும் எழுதிவிடுவார்கள். 1962-ல் அந்தத் தீர்ப்பு சொன்னது, தொகுதி எல்லைப் பிரச்சினையைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்பதுதான். டென்னசி 1901-க்குப் பிறகு தொகுதிகளைத் திருத்தாமல் விட்டிருந்தது. கதவைத் திறந்தது பேக்கர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கை அந்தக் கதவு வழியாக 1964-ல் வந்த ரெனால்ட்ஸ் தீர்ப்பில் நிலைபெற்றது. சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் ‘கம்பெனிகள் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம்’ என்று எழுதினால் தவறு. வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனியாகச் செய்யும் செலவுக்குத்தான் தடை நீங்கியது; நேரடி நன்கொடைக்குத் தடை இன்றும் உண்டு. மெக்டொனால்டில் ஈக்வல் புரொடெக்‌ஷன் என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கும். 14-ஆம் திருத்தம் என்றதும் கை அந்தப் பக்கம் போய்விடுகிறது. அங்கே வேண்டியது அதே திருத்தத்தின் டியூ பிராசஸ் (உரிய சட்ட நடைமுறை) ஷரத்து.

பழைய கைடு வாங்கியவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 15 வழக்கு இருந்தால் அது 2022-க்கு முந்தைய புத்தகம். அந்த ஆண்டு டாப்ஸ் தீர்ப்பில், கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் புரட்டப்பட்ட பிறகு அது கட்டாயப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

ஆவணங்களும் கட்டுரையும்

9 ஆவணங்களையும் ஒரே தீவிரத்தோடு படிக்க வேண்டியதில்லை. அரசமைப்பின் மூலப் பகுதி சுமார் 4500 சொல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அரசமைப்பை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஒற்றையாகப் படிப்பதைவிட ஜோடியாகப் படித்தால் நிற்கும். ஃபெடரலிஸ்ட் 10-ஐ, அரசமைப்பை எதிர்த்த புரூட்டஸ் 1-உடன் வைத்துப் படிக்க வேண்டும்: பெரிய குடியரசில் கோஷ்டிகள் ஒன்றையொன்று மட்டுப்படுத்தும் என்கிறார் மேடிசன், பெரிய குடியரசில் ஆட்சி மக்களின் கைக்கு எட்டாமல் போய்விடும் என்கிறார் புரூட்டஸ். கோஷ்டிகளை ஒழிக்க வேண்டும் என்று மேடிசன் சொன்னதாக எழுதுவது நிரந்தரப் பிழை. காரணத்தை ஒழிக்க முடியாது, விளைவைத்தான் அடக்க முடியும் என்பதே அவர் வாதம். ஃபெடரலிஸ்ட் 70-ஐ அதிபர் பற்றிய அரசமைப்பின் இரண்டாம் பிரிவோடும் 78-ஐ நீதிமன்றங்கள் பற்றிய மூன்றாம் பிரிவோடும் சேர்த்துக்கொள்ளலாம். மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டு ஆன பிறகும் ஏன் தெருவில் இறங்க வேண்டியிருந்தது என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

கட்டுரையில் நிலைப்பாட்டுக்கு 1, ஆதாரத்துக்கு 3, காரண விளக்கத்துக்கு 1, எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வதற்கு 1. கொடுக்கும் மூன்று ஆவணங்களில் ஒன்றிலிருந்து ஓர் ஆதாரம் வந்தே தீர வேண்டும். அதிபரின் நிர்வாக ஆணைகள் அதிகாரச் சமநிலையைக் குலைக்கின்றனவா என்று ஒரு பயிற்சித் தலைப்பு வைத்துக்கொள்வோம். கொடுத்த ஆவணங்கள் அரசமைப்பு, ஃபெடரலிஸ்ட் 51, ஃபெடரலிஸ்ட் 70. ‘நிர்வாக ஆணைகளில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்று பட்டிமன்ற நடுவர் மாதிரி தொடங்கினால் முதல் புள்ளியும் போச்சு. ‘குலைக்கவில்லை, ஏனென்றால் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்யலாம், அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் திருப்பிப்போடலாம்’ என்று தொடங்கினால் நிலைப்பாடும் வந்துவிடுகிறது, கட்டுரை போகிற வழியும் தெரிந்துவிடுகிறது.

ஆதாரம் ஒன்று, 51-ல் மேடிசன் ஒரு துறையின் ஆசைக்கு இன்னொரு துறையின் ஆசையையே எதிராக நிறுத்துவது. ஆதாரம் இரண்டு, 1952-ல் கொரியப் போரின்போது உருக்காலைகளைக் கையகப்படுத்திய அதிபர் ட்ரூமனின் ஆணையை யங்ஸ்டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று செல்லாததாக்கியது. யங்ஸ்டவுன் கட்டாயப் பட்டியலில் இல்லை, ஆனால் இரண்டாவது ஆதாரம் பாடத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். பலர் இங்கே, சிறுவயதில் ஆவணமின்றி அமெரிக்கா வந்தவர்களுக்கான டாக்கா திட்டத்தை நிர்வாக ஆணை என்று எழுதுவார்கள். அது 2012-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட குறிப்பாணை. ஆதாரத்தை வைத்ததும் அது எப்படி நிலைப்பாட்டைத் தாங்குகிறது என்று ஒரு வாக்கியம்: போர்க்காலத்தில்கூட நீதிமன்றம் தடுக்க முடிந்தது என்றால், ஆணை என்பது கடைசி வார்த்தை இல்லை.

அதிகம் பேர் தவறவிடுவது எதிர்த்தரப்புப் புள்ளி. ‘சிலர் இதை மறுக்கலாம்’ என்று எழுதி, அவர்கள் சொல்வதையும் எழுதி, அத்தோடு முடித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னால்தான் புள்ளி. ‘காங்கிரஸ் கட்சிச் சண்டையில் முடங்கிக் கிடக்கும்போது தடை காகிதத்தில்தான் இருக்கிறது என்பார்கள். ஆனால் முடங்கிய காங்கிரஸும் பணப்பெட்டியை அதிபரிடம் கொடுத்துவிடவில்லை. முதல் பிரிவின்படி சட்டத்தால் ஒதுக்காத பணம் கருவூலத்திலிருந்து வெளியே வர முடியாது’ என்று எழுதினால் அது பதில். ஃபெடரலிஸ்ட் 70-ஐ அதிபருக்கு வரம்பே கூடாது என்பதற்குச் சாட்சியாக இழுப்பவர்களும் உண்டு. ஒரே ஆள் அதிபராக இருந்தால்தான் தப்பு நடக்கும்போது யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும் என்பதும் அதை எழுதிய ஹாமில்டன் அதே கட்டுரையில் வைக்கும் வாதம். அதைக் கட்டுப்பாட்டுத் தரப்புக்கே திருப்பிவிடலாம்.

பெற்றோர் உதவும்போது

நம்மூர்ப் பாராளுமன்றப் பாடம் மனதில் இருக்கிற அப்பா, அம்மா சொல்லிக்கொடுக்கும்போது சில இடங்களில் தடம் மாறும். இங்கே சபாநாயகர் நடுவர் இல்லை, பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைமை ஆளே அவர்தான். நம்மூர் அமைச்சர் இடத்தில் இங்கே இருக்கும் துறைச் செயலாளர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானமும் கிடையாது, சபையைக் கலைப்பதும் கிடையாது. பெரிய வித்தியாசம் எஞ்சிய அதிகாரம். இந்தியாவில் பட்டியலில் இல்லாதது மத்திய அரசுக்கு. இங்கே பத்தாவது திருத்தப்படி, மத்திய அரசுக்குக் கொடுக்காததும் மாநிலங்களுக்கு மறுக்காததும் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு. லோபஸ் வழக்கு புரிய இந்த ஒன்று தெரிந்தாக வேண்டும். பள்ளி அருகே துப்பாக்கி கூடாது என்ற நல்ல சட்டத்தை 1995-ல் ஏன் அடித்தார்கள் என்று பிள்ளை கேட்டால், துப்பாக்கி உரிமையைப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டாவது திருத்தத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுபோவது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, ஆகவே அதில் சட்டம் போடக் காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை. அவ்வளவுதான் தீர்ப்பு.

55 கேள்விப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேள்விக்கு ஏறக்குறைய 87 வினாடி. தவறான விடைக்குக் கழிவு இல்லை, எதையும் வெறுமனே விடக் கூடாது. காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம், அதிகாரவர்க்கம் அடங்கிய இரண்டாவது யூனிட்டுக்கு 25 முதல் 36 சதவீதம். நேரம் குறைவாக இருந்தால் அங்கே தொடங்க வேண்டும். செப்டம்பரில் பள்ளி திறக்கும் மாநிலங்களில் ஐந்தாவது யூனிட்டை ஏப்ரல் கடைசியில் ஓட்டமாக முடிப்பார்கள். அதற்கு 20 முதல் 27 சதவீதம் என்பதால் தேர்தல், கட்சிகள், ஊடகம் பகுதியை வீட்டிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பயிற்சிக்கு 2019-லிருந்து வந்த எழுத்துக் கேள்விகளே போதும். அதற்கு முந்தையவை வேறு வடிவம், 2020 பெருந்தொற்றுக் காலச் சுருக்கத் தேர்வு. காலேஜ் போர்டு கேள்வியோடு மதிப்பெண் விதியையும், உண்மையான மாணவர் விடைகள் சிலவற்றையும், ஒவ்வொன்றுக்கும் ஏன் அத்தனை புள்ளி என்ற குறிப்பையும் சேர்த்தே இணையத்தில் வைத்திருக்கிறது. மாதிரி விடைகளைப் படித்துவிட்டு எழுதக் கூடாது. 20 நிமிடம் வைத்து எழுதிவிட்டு, விதியை எடுத்துத் தன் விடையைத் தானே திருத்தி, அதன் பிறகு அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு தடவை தனக்குத் தானே 4-க்கு 4 போட்டுக்கொள்வார்கள். நண்பரின் தாளை மாற்றித் திருத்தச் சொன்னால் 2 ஆகிவிடும். அந்த நண்பர் மூன்றாவது கேள்வியின் நடுப்பகுதியில் ‘அதான் ஏன்?’ என்று ஓரத்தில் கிறுக்கித் தந்திருப்பார்.